செவ்வாயும் சனியும் ஓடவேண்டிய கார்

1

சென்ற வாரம் என் கார் ஒரு சிக்னலில் நின்றுபோனது. இதை ஒரு சேதி என்று நான் வளர்ந்த மந்தைவெளியில் யாருக்காவது எழுதினால் சிரிப்பார்கள். அங்கே கார் நிற்பதும் மாடு நிற்பதும் ஒன்றுதான். நாலு பேர் வருவார்கள், ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள், இரண்டு பேர் தள்ளுவார்கள், வண்டி கிளம்பிவிடும். டொராண்டோவுக்கு மேற்கே நாங்கள் இருக்கும் இந்தச் சிற்றூரில், டிசம்பர் மாதத்துப் பனியில், நின்ற காரைப் பார்த்து யாரும் இறங்கி வரமாட்டார்கள். பின்னால் இருப்பவர் ஹாரன்கூட அடிக்கமாட்டார். அந்தப் பொறுமை இருக்கிறதே, அதைத்தான் தாங்க முடியாது.

முதல் நாள்தான் குளிரில் பாட்டரி செத்து, வண்டியை இழுத்துக்கொண்டு போய்ப் புது பாட்டரி போட்டு வாங்கியிருந்தேன். இங்கே கார் பழுதுபார்க்கும் இடம் பல் டாக்டர் கிளினிக் மாதிரி இருக்கும். உட்கார நாற்காலி, புரட்டப் பழைய பத்திரிகை, கையெழுத்துப் போட மூன்று தாள். நம் வண்டியை உள்ளே என்ன செய்கிறார்கள் என்று எட்டிப் பார்க்க முடியாது, மஞ்சள் கோட்டைத் தாண்டக் கூடாது. கவுண்டரில் இருந்த பெண்ணிடம், டிக்கியில் ஸ்டெப்னி பத்திரமாக இருக்கிறது, கோளாறு பானட்டுக்குள்தான் என்று என் ஆங்கிலத்தில் விளக்கினேன். அவள் மரியாதையாகப் புன்னகை செய்தாள். பக்கத்தில் நின்ற என் மகள் மீரா, பதின்மூன்று வயது, அதை அந்த ஊர் ஆங்கிலத்தில் மறுபடி சொன்னாள். பத்து வருஷமாக இங்கே வேலை பார்க்கிறேன், இரண்டாயிரமாவது வருஷம் பிறந்தால் கம்ப்யூட்டர்கள் தேதி குழம்பிப் போகாமல் இருக்க இரவு பகலாகத் திருத்திக்கொண்டிருக்கும் கூட்டத்தில் நானும் ஒருத்தி. ஆனால் காரின் அங்கங்களுக்கு மட்டும் என் வாயில் இன்னும் மந்தைவெளிப் பெயர்கள்தான் வருகின்றன.

மறுநாள் சாயங்காலம் மீராவைப் பள்ளியிலிருந்து அழைத்துக்கொண்டு வரும்போதுதான் அது நடந்தது. சிவப்பு விளக்குக்கு நின்றேன். எஞ்சின் ஒரு முறை உடம்பைக் குலுக்கியது. எஞ்சின் வேகம் காட்டும் முள் கீழே சரிந்தது. மறுபடி குலுங்கி, அப்படியே அணைந்துவிட்டது. சாவியைத் திருப்பினேன், கிளம்பியது, அடுத்த சிக்னலில் மறுபடி அணைந்தது. நான் சாவியை விடாமல் திருப்பிக்கொண்டிருப்பதைப் பார்த்து மீரா, "இட்ஸ் ஜஸ்ட் எ கார், அம்மா" என்றாள்.

அவளுக்குத் தெரியாது. அந்தக் குலுங்கல் எனக்கு ஏற்கெனவே தெரியும். ஜூலை மாதம் அடையாறு பாலத்தின் மேல், பின் சீட்டில் என் அம்மாவை வைத்துக்கொண்டு, அச்சாக இதே மாதிரி ஒரு கார் குலுங்கி நின்றது.

2

அம்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் ஓய்ந்துபோய் ஒன்றரை வருஷமாகிறது. செவ்வாயும் சனியும் அடையாற்றில் ஒரு நர்சிங் ஹோமில் டயாலிசிஸ். காலை ஏழு மணிக்கு மெஷினில் படுக்க வேண்டும். தாமதமானால் அவளுக்கு உரிய நேரத்தில்தான் குறையும், ஏனென்றால் அடுத்தவர் வாசலில் காத்துக்கொண்டிருப்பார். நேரம் குறைந்தால் கால் வீங்கும், மூச்சு முட்டும், அடுத்த முறைவரை படுக்க முடியாமல் சாய்ந்து உட்கார்ந்தே தூங்க வேண்டும்.

முதலில் ஆட்டோவில்தான் போய்க்கொண்டிருந்தார்கள். போகும்போது பரவாயில்லை. திரும்பும்போது அம்மாவுக்குத் தலை சுற்றும், வாந்தி வரும். ஒரு தடவை ஆட்டோக்காரர் பாதி வழியில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். அன்றைக்குத்தான் அப்பா தன் பழைய அம்பாசடரைக் கொடுத்துவிட்டுப் புதுக் கார் வாங்க ஒத்துக்கொண்டார். அம்பாசடரில் ஏ.சி. கிடையாது, ஏறி இறங்கவும் அம்மாவுக்குச் சிரமம். புது வண்டியில் பெட்ரோலைக்கூடக் கம்ப்யூட்டர்தான் அளந்து ஊற்றும். பின்னால் அதைச் சொல்லும் நாலு ஆங்கில எழுத்து வெள்ளியில் பளபளக்கும். தெருவில் எல்லாரும் வந்து அந்த எழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்களாம்.

நான் ஒரே பெண். எனக்கு அண்ணன் தம்பி இல்லை, பக்கத்துத் தெருவில் மாமா சித்தப்பா என்று யாரும் இல்லை. இவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு நான் தூங்குவதற்கு எனக்கு இருந்த ஒரே தைரியம் அந்தக் கார்தான். அது வந்த ஒரு மாதத்திலேயே அப்பா போனில் சொன்னார்.

"வண்டி நின்னு நின்னு போறதும்மா. ஏன்னு தெரியலை."

நான் லீவு போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

3

அந்த ஜூலை மாதச் செவ்வாய்க்கிழமையை நான் சொல்லித்தான் ஆகவேண்டும். ஆறரைக்கு வீட்டைவிட்டுக் கிளம்பினோம். அப்பா ஓட்ட, நான் முன்னால், அம்மா பின்னால் தலையணையில் சாய்ந்துகொண்டு, மடியில் ஒரு எவர்சில்வர் பாத்திரமும் துண்டும் வைத்துக்கொண்டு. மந்தைவெளி மார்க்கெட் முனையில் முதல் முறை நின்றது. அப்பா நிதானமாகக் கிளப்பினார். சிக்னலில் இரண்டாம் முறை. பால் வண்டிக்காரர் ஒருவர் ஒதுங்கிப் போகும்போது, "இன்னா சார், புது வண்டி சண்டித்தனம் பண்ணுதா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அப்பா மறுபடி சாவியைத் திருப்பினார்.

பாலத்தின் மேல் மூன்றாம் முறை நின்றது. பின்னால் பஸ். பஸ்ஸுக்குப் பின்னால் அடையாறே வந்து நின்றுகொண்டு ஹாரன் அடிப்பதுபோல் இருந்தது. சாவியைத் திருப்பத் திருப்ப எஞ்சின் இருமியது, பிடிக்கவில்லை. ஏ.சி. நின்று கண்ணாடிக்குள் புழுக்கம் ஏறியது. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. அப்பாவின் இடது கால் கிளட்சின் மேல் நடுங்கியதைப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

ஒருவழியாகக் கிளம்பிப் போய்ச் சேர்ந்தபோது ஏழு இருபது. நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்தாள். அன்று அம்மாவுக்கு மெஷினை நேரம் குறைத்துத்தான் ஓட்டினார்கள். திரும்பி வரும்போது கார் ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. வெண்ணெய் மாதிரி வந்தது. எனக்கு அதை உதைக்க வேண்டும்போல் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவைக் கைத்தாங்கலாக உள்ளே கொண்டுவிட்டு, அப்பா திரும்பக் கீழே போனார். பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் குனிந்து நின்றார். அம்பாசடர் காலத்திலிருந்தே அப்படித்தான். வண்டி வந்து நின்றதும் தண்ணீர் பார்ப்பார், ஆயில் பார்ப்பார், குழந்தைக்கு முகம் துடைப்பதுபோல் எஞ்சினைத் துணியால் துடைப்பார். நான் ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு அம்மாவுக்குக் கஞ்சி வைக்கப் போய்விட்டேன்.

4

முதலில் தாஸிடம்தான் போனோம். அப்பாவின் அம்பாசடரை இருபது வருஷம் பார்த்துக்கொண்டவர். புதிதாக எழும்பிக்கொண்டிருந்த பறக்கும் ரயில் தூண்களுக்குப் பக்கத்தில் அவருடைய ஷெட். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"இன்னாமா, எப்ப வந்த? பொண்ணு நல்லா கீதா?" என்று கேட்டுவிட்டு, பானட்டைத் திறந்தார். திறந்தவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "பாத்தியா, எல்லாத்துக்கும் மூடி போட்டு வெச்சிக்கிறான். உள்ள இன்னா கீதுன்னு அவனுக்குத்தான் தெரியும். அம்பாசடர்னா கண்ண மூடிக்கினு பிரிச்சி மாட்டிருவேன். இது சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்த கதையா பூடும். கம்பெனிக்கே எடுத்துனு போ சார்."

கம்பெனி என்றால் ஈக்காட்டுத்தாங்கலில் இருந்த ஒரு சர்வீஸ் சென்டர். வெள்ளைச் சட்டை, டை கட்டிய ஒரு இளைஞர் எங்களை உட்கார வைத்தார். வண்டிக்கு ஒரு வயரை மாட்டி, கையிலிருந்த பெட்டியில் எதையோ பார்த்தார். நாங்கள் போய்ச் சேரும்போது வண்டி சமர்த்தாக இருந்தது. அங்கேயே மூன்று நாள் வைத்துக்கொண்டு ஓட்டிப் பார்த்தார்கள். மூன்று நாளும் ஒரு முறைகூட நிற்கவில்லையாம்.

"சிஸ்டம்ல எந்த எரரும் இல்ல மேடம்" என்றார் இளைஞர். "எரர் இருந்தா மெமரில பதிவாகியிருக்கும். சுத்தமா இருக்கு." பிறகு அப்பா பக்கம் திரும்பினார். குரலைக் கொஞ்சம் தணித்துக்கொண்டார், அது இன்னும் மோசமாக இருந்தது. "சாருக்கு வயசு என்ன ஆகுது?"

"எழுபத்தொண்ணு."

"கிளட்ச்ச டக்குனு விட்டுடறீங்க சார். பழைய வண்டி தாங்கும். இது சென்சிட்டிவ். ஒரு டிரைவர் வெச்சுக்கிட்டீங்கன்னா நல்லது."

அப்பா தலையை ஆட்டினார். கணக்கு அலுவலகத்தில் முப்பத்தைந்து வருஷம் மேலதிகாரிகளிடம் ஆட்டிய அதே தலையாட்டல். கிண்டி வழியாகத் திரும்பினோம். வண்டி ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் சனிக்கிழமை, மந்தைவெளி மார்க்கெட் முனையிலேயே நின்றது.

5

அதற்கப்புறம் அந்த வீட்டில் எல்லாரும் அப்பாவின் காலைப் பார்க்க ஆரம்பித்தோம். அவரும்தான். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிக்கும்போது, பேப்பருக்குக் கீழே இடது கால் மெதுவாகத் தரையை அழுத்தும், மெதுவாக மேலே வரும். மறுபடி அழுத்தும். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு பரீட்சைக்குப் படிக்கிற பையன் மாதிரி செய்துகொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்தது, சமையலறைக்குள் போய்விட்டேன்.

ஒருநாள் அவரே சொன்னார். "ஒரு டிரைவரைப் பாரு, ராஜி. எனக்குக் கால் போச்சு."

உள்ளேயிருந்து அம்மா குரல் கொடுத்தாள். "டிரைவரெல்லாம் ஒண்ணும் வேண்டாம். திரும்பி வரச்சே நான் வாந்தி எடுப்பேன், புடவை அவிழ்ந்தாக்கூடத் தெரியாது எனக்கு. முன்னபின்ன தெரியாதவா முன்னாடி என்னால முடியாது. ஏன்னா, நீங்க ஓட்டினாத்தான் நான் வருவேன். இல்லேன்னா இதோட போறும், ஆத்துலயே கிடந்துட்டுப் போறேன்."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. டயாலிசிஸை விட்டுவிடுகிறேன் என்று ஏற்கெனவே இரண்டு முறை சொல்லியிருக்கிறாள். விட்டால் எத்தனை நாள் என்று எனக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். அந்தக் கார் ஓடுவதும் ஓடாததும் என்ன விஷயம் என்று இப்போது உங்களுக்கும் புரிந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை நங்கநல்லூர் ஆஞ்சநேயரிடம் போக வேண்டும் என்றாள் அம்மா. கிளம்பும்போது இரண்டு முறை நின்றது, அப்புறம் கோயில்வரை போய்த் திரும்பும்வரை நிற்கவே இல்லை. "வேண்டிண்டதுமே சரியாயிடுத்து பாத்தியா" என்றாள். காரில் மணி ஏதோ கண்டபடி காட்டிக்கொண்டிருந்தது. கோயில் வாசலில் காத்திருந்தபோது நான்தான் அதைச் சரி செய்து வைத்தேன். செவ்வாய்க்கிழமை ஏறி உட்கார்ந்தபோது மறுபடி தப்பாகக் காட்டியது. எட்டணா கடிகாரம் என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கும் சிக்னலில் நின்றோம்.

என் லீவு முடிந்தது. மீனம்பாக்கத்தில் வழியனுப்பும்போது அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டார். "நீதான் கம்ப்யூட்டர் படிச்சவளாச்சே. ரெண்டாயிரம் பொறந்தா எல்லாக் கம்ப்யூட்டரும் நின்னுடும்கறாளே, நம்ம காருக்குள்ள இருக்கறதும் அந்த வகைதானா?"

இல்லை அப்பா, காருக்குத் தேதி தெரியாது என்று சொன்னேன். எனக்கு நிச்சயமாகத் தெரியாது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். நாங்கள் இரண்டு பேரும் அரண்டுதான் இருந்தோம்.

இங்கே வந்த பிறகு ஒவ்வொரு திங்கள்கிழமை சாயங்காலமும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். அங்கே செவ்வாய்க்கிழமை விடிந்துகொண்டிருக்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலமும் அப்படித்தான். போன் செய்தால் அப்பா, "எல்லாம் நன்னா ஓடறது" என்பார். அம்மாவிடம் கேட்டால், "உங்கப்பா சொன்னாரோல்லியோ, அப்படித்தான்" என்பாள். இரண்டு பேரும் பொய் சொல்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும்.

6

இனி டிசம்பருக்கு வருகிறேன். இரண்டாம் சிக்னலிலும் நின்றபின், வண்டியை ஒரு கடை வாசலில் ஓரம்கட்டினேன். ரேடியோவைப் போடலாம் என்று மீரா பட்டனை அமுக்கினாள். அது பாடவில்லை, ரகசிய எண் கேட்டது. அப்போதுதான் கடிகாரத்தைப் பார்த்தேன். சாயங்காலம் நாலேகால் மணிக்கு அது ஒரு மணி, ஒரு மணி என்று கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

ஜூலையில் கோயில் வாசலில் நான் சரி செய்து வைத்த கடிகாரம் ஞாபகம் வந்தது. அந்தக் கடைக்குள் போய்ப் பொது போனிலிருந்து கராஜைக் கூப்பிட்டேன். நேற்றுப் பார்த்த அதே பெண். பாட்டரி மாற்றினீர்களே, வண்டி நிற்கிறது, கடிகாரம் அழிந்திருக்கிறது என்று சொன்னேன். அவளுக்கு இது தினமும் வரும் கேள்வி போலிருக்கிறது. பாட்டரியைக் கழற்றினால் எஞ்சின் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டதை எல்லாம் மறந்துவிடும், கொஞ்ச தூரம் ஓட்டினால் மறுபடி கற்றுக்கொள்ளும், அதுவரை நிற்கும்போது தடுமாறும், கவலை வேண்டாம் என்றாள். அதில் பதிவான பழைய கோளாறுகளும் அழிந்துபோகுமா என்று கேட்டேன். ஆமாம், எல்லாமே போய்விடும் என்றாள். நல்ல நாளாக அமையட்டும் என்று வாழ்த்திவிட்டு வைத்துவிட்டாள்.

நான் ரிசீவரைப் பிடித்தபடி நின்றேன். அப்பா பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு குனிந்து நிற்பது கண்முன் வந்தது. சாவி மாட்டும் ஆணியில், சாவிக்குப் பக்கத்தில், மஞ்சள் துணியில் சுற்றி ஒரு சின்ன ஸ்பானர் தொங்கும். அம்பாசடர் காலத்திலிருந்து தொங்குகிறது. மந்தைவெளியில் வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் கார் எடுக்கிற எல்லாப் பெரியவர்களும் செய்கிற காரியம்தான். வண்டியை நிறுத்தியதும் பாட்டரியின் ஒரு வயரைக் கழற்றி வைத்துவிடுவார்கள். இல்லாவிட்டால் பாட்டரி இறங்கிவிடும், வேண்டிய அன்றைக்கு வண்டி கிளம்பாது. தாஸே எத்தனையோ பேருக்கு அதைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

வீட்டிலிருந்து நர்சிங் ஹோம் ஒரு பாலம் தாண்டினால் வந்துவிடும். கார் கற்றுக்கொள்வதற்குள் இடம் வந்துவிடும். ஈக்காட்டுத்தாங்கல் தூரம், நங்கநல்லூர் அதைவிடத் தூரம். அங்கே போவதற்குள் எல்லாம் படித்து முடித்துச் சமர்த்தாகிவிடும். வீட்டுக்கு வந்ததும் அப்பா மறுபடி அதன் நினைவை அழித்துவிடுவார்.

"ஆர் யூ ஓகே?" என்றாள் மீரா. சரியாகத்தான் இருக்கிறேன் என்றேன். பொய்.

7

அங்கே அப்போது நடு ராத்திரி. எழுப்பினால் என்னவோ ஏதோ என்று பயந்துவிடுவார்கள். இங்கே ஏழு மணி ஆகும்வரை காத்திருந்தேன், அங்கே சனிக்கிழமை காலை ஐந்தரை. அப்பாதான் எடுத்தார்.

"அப்பா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். வண்டிய நிறுத்தினதும் பாட்டரி வயரைக் கழட்டி வைக்கறேளா?"

"ஆமா. எப்பவும் பண்றதுதானே."

"சர்வீஸ் சென்டர்ல சொன்னேளா?"

"அவா கேக்கலையே. பல் தேச்சேன்னு டாக்டர்கிட்டப் போய்ச் சொல்லுவாளா?" என்றார். "ஏம்மா, செவ்வாக்கிழமை கார்த்தால கிளம்பலேன்னா என்ன பண்றது? அவளை வெச்சுண்டு நான் யார்கிட்டப் போய் நிப்பேன்? அதான் ஒருநாள்கூட விடாம கழட்டிடறேன்."

சொன்னேன். மெதுவாக, கராஜ் பெண் சொன்னதை எல்லாம், கடிகாரத்தை எல்லாம் சொன்னேன்.  

"அப்போ என் கால் இல்லையா?" என்றார்.

"இல்லப்பா. உங்க கால் இல்லை."

அவர் மூச்சு விடுவது கேட்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அடுத்து அவர் என்ன சொல்வார் என்று தெரிந்து, பயந்துகொண்டே இருந்தேன். சொல்லிவிட்டார்.

"அப்போ நான்தானா அவளைப் பாலத்து மேல நிறுத்தினது."

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை என்று இதைச் சிரித்துவிட்டுப் போகலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் வண்டியில் ஏறுகிற அன்றைக்கு அது கிளம்பவேண்டுமே என்ற கவலையில்தான் அவர் அதைச் செய்தார். அந்தக் கவலைதான் வண்டியை நிறுத்தியது. இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், இன்றைக்கும் நிற்கும், முதலில் கிளப்பிவிட்டுக் கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள், ஏ.சி. போடாதீர்கள், திரும்பி வந்ததும் வயரைத் தொடாதீர்கள் என்று வரிசையாக உத்தரவு போட்டேன். சரி சரி என்றார்.

"இன்னிக்குச் சாயந்தரத்திலேர்ந்து செவ்வாக்கிழமை வரைக்கும் மாட்டியே வெச்சிருக்கணுமா? ரெண்டு ராத்திரி, மூணு ராத்திரி?" என்று மறுபடி கேட்டார். வாசல் கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்கு என்று சொன்னதுபோல் கேட்டார்.

"புதுப் பாட்டரி அப்பா, தாங்கும்."

"தாங்கலேன்னா?"

 செவ்வாய்க்கிழமை கிளம்பும்போது கூப்பிடுகிறேன் என்றேன். போய்ச் சேர்ந்ததும் நர்சிங் ஹோமுக்கு எதிரே இருக்கிற ஐ.எஸ்.டி. பூத்திலிருந்து எனக்கு அடித்து, மணி இரண்டு தடவை ஒலித்ததும் வைத்துவிட வேண்டும். வழியில் நிற்காமல் போய்ச் சேர்ந்தால் மட்டும் அப்படி. நின்றிருந்தால் நான் எடுக்கும்வரை அடிக்கவிட வேண்டும். இந்த ஏற்பாட்டைச் சொன்னவர் அப்பாதான். எடுக்காத போனுக்குக் காசு வராது, பூத்காரர் முறைப்பார் என்றேன். "அவன் முறைச்சா முறைச்சுட்டுப் போறான்" என்றார். அப்பா இப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

8

ஞாயிறும் திங்களும் நான் எப்படி இருந்தேன் என்று எழுத வேண்டாம். பாட்டரி இறங்கிப்போய், செவ்வாய்க்கிழமை காலை சாவியைத் திருப்ப, டிக்கென்று ஒரு சத்தம் மட்டும் கேட்டு, அம்மா வாசற்படியில் பாத்திரமும் துண்டுமாக நிற்பதை வேலை செய்யும்போதெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கழற்றிவிட்டிருப்பாரோ என்றும் இருந்தது. கழற்றாமல் இருந்து, நான் சொன்னதே தப்பாகப் போய்விட்டால் என்றும் இருந்தது.

திங்கள்கிழமை சாயங்காலம் ஏழரை மணிக்குப் போன் போட்டேன். மீரா மாடியில் இருந்த இன்னொரு போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டிருந்தது எனக்கு முதலில் தெரியாது.

"கழட்டலை" என்றார் அப்பா எடுத்ததும். "ராத்திரி ரெண்டு தடவை போய்த் தொட்டுப் பாத்துட்டு வந்துட்டேன், கழட்டலை. இரு."

போனின் வயர் நீளமானது. ஜன்னல்வரை அதை இழுத்துக்கொண்டு போவது கேட்டது. ரிசீவரை ஜன்னல் கட்டையில் வைத்த சத்தம். அப்புறம் காக்கை, யாரோ வாளியில் தண்ணீர் பிடிப்பது, பக்கத்து வீட்டு ரேடியோ. காலடிச் சத்தம் படியில் இறங்கியது. கார்க் கதவு. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஒரே திருப்பலில் கிளம்பியது.

கிளம்பி, ஓடிக்கொண்டே இருந்தது. குலுங்கவில்லை, இருமவில்லை. ஒரே சீராக, காக்கைகளுக்குக் கீழே, தையல் மெஷின் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. அம்மா ஜன்னலுக்கு வந்து ரிசீவரை எடுத்தாள்.

"என்னடி இது, கார் சத்தத்தைக் கேக்கவா கூப்பிட்டே? உங்கப்பா மூணு நாளா வண்டிக்குக் காவல் இருக்கார். நான் கிளம்பறேன். கொழந்தை சௌக்கியமா?" பதிலுக்குக் காத்திராமல் ரிசீவரைக் கட்டையில் வைத்தாள். போனின் மேல் வைக்கவில்லை, அதனால் லைன் அறுபடவில்லை. கதவைப் பூட்டும் சத்தம். காரின் கதவு இரண்டு முறை. எஞ்சின் நகர்ந்து, தெருவில் போய், முனையில் ஹாரன் அடித்து, தேய்ந்தது. அது தேய்ந்ததா, நின்றதா என்று எனக்குத் தெரியவில்லை. காக்கைச் சத்தம் மட்டும் மிச்சம் இருந்தது. ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு, ஆளில்லாத அந்த வீட்டைக் கேட்டுக்கொண்டே நின்றேன். வைக்க மனம் வரவில்லை.

மாடியிலிருந்து மீரா இறங்கி வந்தாள். வந்து, என் கையிலிருந்து ரிசீவரை மெல்ல வாங்கி, அதன் இடத்தில் வைத்தாள்.

"நீ பிடிச்சுண்டே இருந்தா தாத்தா எப்படிக் கூப்பிடுவார்?" என்றாள்.

தமிழில்தான் சொன்னாள். அவளுக்கு அந்த ஏற்பாடு தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. வீட்டில் நான் போனில் பேசுவதை எல்லாம் அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

நாங்கள் இரண்டு பேரும் போனுக்கு எதிரே உட்கார்ந்திருந்தோம். சோறு ஆறிப்போயிற்று. மார்க்கெட் முனை, சிக்னல், பாலம் என்று நான் மனதுக்குள் ஓட்டிக்கொண்டு போனேன், என் இடது கால் தரையை அழுத்தி அழுத்தி எழுந்தது. மீரா அதைப் பார்த்தாள்.

எட்டேகாலுக்கு மணி அடித்தது. என் கை தானாகப் போனது, மீரா அதைப் பிடித்துக்கொண்டாள். இரண்டாவது மணியும் அடித்தது. மூன்றாவதற்காகக் காத்திருந்தோம். வரவில்லை.

மீரா என் கையை இன்னும் விடவில்லை. நானும் விடச் சொல்லவில்லை.